ஏழுமலை எடுக்கச் சொன்ன பெயரும் செல்வி சேர்க்கச் சொன்ன பெயரும்

சென்ற மாதம் ஒரு மதியம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு நிர்வாகப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவள். எங்கள் நகராட்சி அலுவலகத்தின் இணையதளத்தைப் புதிதாக அமைக்கிறார்களாம். ஊழியர்களின் சம்பள விவரம் போடும் பக்கத்தில் இனிமேல் பெயர்கள் வேண்டாம், பதவியும் மொத்தத் தொகையும் இருந்தால் போதும் என்று அதை வடிவமைக்க வந்தவர்கள் சொல்கிறார்களாம்.

"பக்கம் சின்னதா, பாக்க நல்லா இருக்கும்னு சொல்றாங்க மேடம். ஆனா பழைய ஃபைல்ல, பேரோடதான் போடணும், ஒப்பந்தத் தொழிலாளிங்க பேரும் கண்டிப்பா இருக்கணும்னு உங்க கையெழுத்துல ஒரு குறிப்பு இருக்குது. ஏன் அப்படி எழுதினீங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்காக ஆரம்பித்ததுதான் இது. எழுதும்போது மற்றவர்களும் படிக்கட்டுமே என்று தோன்றியது.

நான் காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனார். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து மீன் விற்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியது நான்தான். எல்.டி.சி. என்ற கீழ்நிலை எழுத்தர் வேலைக்கான உத்தரவு வந்த அன்று அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "ஞாயித்துக்கெழம லீவுன்றியே, அன்னிக்கும் சேத்தா காசு குடுப்பாங்க?" ஆமாம் என்றேன். அம்மா நம்பவில்லை. முதல் சம்பளம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துப் பார்த்து, நான் சொன்னது உண்மைதான் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னார்.

சில வருடங்கள் தபால் பிரிவில் இருந்தேன், சில வருடங்கள் வீட்டு வரிப் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி நெல்லித்தோப்பில் குடிவந்தேன். பிறகு சம்பளப் பட்டியல் தயாரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். என் வேலை வாழ்க்கை உண்மையில் அங்கேதான் தொடங்கியது என்று சொல்வேன், ஏனென்றால் அங்கேதான் அருள்ராஜ் சார் இருந்தார்.

அவர் எங்கள் கண்காணிப்பாளர். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சாரும் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பழைய பியூன்கள் அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல், 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் மெதுவான குரலும் அவருடைய அடையாளங்கள். யாரையும் அவர் அதட்டி நான் பார்த்ததில்லை. அதட்டியிருந்தால் பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்கு வேலை வாங்குவார்.

சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, அதில் உள்ள எல்லாப் பெயர்களையும் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் ஓர் இரும்பு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே கேட்பார். தொகையை அவர் தனியாகச் சரிபார்த்துக்கொள்வார். என்னிடம் கேட்பது பெயரைத்தான். படிப்பதில் அவசரம் தெரிந்தால் ஸ்கேல் நின்றுவிடும். "ஆங்கோர்" என்பார். முதல் மாதம், ஆங்கோர் என்று யாரோ ஓர் ஊழியர் இருக்கிறார் போலும் என்று நினைத்துப் பட்டியல் முழுக்கத் தேடினேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டு, இன்னொரு முறை படி என்று பிரெஞ்சில் சொல்கிறார் என்றார்.

"கம்ப்யூட்டர்ல வந்ததுதான சார், எதுக்குப் படிக்கணும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நம்பரு தப்பா போச்சுன்னா அவங்களே வந்து கேட்டுடுவாங்க சரோஜா. பேரு தப்பா இருந்தா நெறைய பேரு கேக்குறதில்ல. நமக்கு எதுக்கு வம்புன்னு அப்படியே இருந்துடுவாங்க" என்றார்.

அலுவலகம் செய்யும் செலவுகளை மக்கள் கேட்காமலேயே அவர்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஊழியர்கள் ஒவ்வொருவரின் மாதச் சம்பளமும் அதில் ஒன்று. நாங்கள் நெடுநாள் அதை ஒரு கோப்பில் வைத்து, கேட்டவர்களுக்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்தோம். பிறகு இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. நானும் அருள்ராஜ் சாரும் உட்கார்ந்து, கடைசித் தூய்மைப் பணியாளர் வரை பெயர், பதவி, சம்பளம் எல்லாம் சரிபார்த்து அனுப்பினோம். பக்கம் வெளியான அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை ஒரு வாரம் நிலைக்கவில்லை. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். 'தெரு பெருக்குபவரின் சம்பளத்தைப் பாருங்கள்' என்று மேலே எழுதியிருந்தது. வட்டத்துக்குள் இருந்த பெயர் ஏழுமலை.

ஏழுமலை முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நிரந்தரத் தூய்மைப் பணியாளர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அத்தனை வருட ஊதிய உயர்வும் படிகளும் சேர்ந்து வந்த சம்பளம் அது. அவர் பெருக்கும் தெரு என் வீட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளித்தான். அதனால் அங்கே நடந்தது என் காதுக்கும் வந்தது. தினமும் 'ஏழுமல, அந்தத் தென்னமட்டைய எடுத்துப் போடுப்பா' என்று கூப்பிட்ட அம்மாள், "உனக்கின்னாப்பா, எம் மவன் என்ஜினீயரு, அவனவுட நீ ஜாஸ்தி வாங்குற" என்றாராம். கடைக்காரர் ஒருவர் டீக்குக் காசு வாங்கும்போதெல்லாம் 'பெரிய ஆபீசர்' என்று கூப்பிட ஆரம்பித்தாராம்.

ஒருநாள் முற்பகல் ஏழுமலை என் மேசைக்கு வந்தார். வேலை முடித்துக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அம்மா, அந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து எம் பேர எடுத்துடுங்கம்மா."

சட்டம், உத்தரவு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தெருவில் பேசுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள் என்றேன்.

"தெருவுல பேசுறவங்க பேசட்டும்மா. முப்பது வருஷமா கேட்டதுதான. அது பிரச்ன இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செல்வி பேச மாட்டேங்குதும்மா."

செல்வி யார் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர்தான் சொன்னார். அதே தெருவில் அவருடன் வேலை பார்க்கும் பெண். சேதராப்பட்டுப் பக்கத்துக்காரர். கணவர் அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்து, உடம்புக்கு முடியாமல் இறந்துபோனார். பிறகு மகளை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, ஒப்பந்தக்காரரிடம் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அன்று முதல் தெருவின் ஒரு பக்கம் ஏழுமலை, மறு பக்கம் செல்வி. தள்ளுவண்டி இரண்டு பேருக்கும் ஒன்று. காலை வேலை முடிந்ததும் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, ஏழுமலை வீட்டு இட்லியையும் செல்வி வீட்டுக் கருவாட்டுக் குழம்பையும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். செல்வி அவரை அண்ணன் என்று கூப்பிடுவார். ஏழுமலைக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

"எவ்ளோ வாங்குறேன்னு அது கேட்டதில்லம்மா. நானும் சொன்னதில்ல. மறச்சேன்னு இல்ல, அந்தப் பேச்சே வந்ததில்ல. இப்ப அது டப்பாவத் தூக்கினு தெருக் கோடிக்குப் போயி தனியா சாப்புடுது."

சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அதே வாரத்தில் செல்வியும் வந்தார். ஒல்லியான பெண். பச்சைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தார். சட்டையின் முதுகில் எங்கள் அலுவலகத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"மேடம், அந்த லிஸ்ட்டுல எம் பேரு எங்க இருக்குதுன்னு காட்டுங்க. எம் பொண்ணு காலேஜ் படிக்குது. போன்ல எத்தினியோ தபா தேடிச்சு. கெடைக்கல."

ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர் அதில் வராது, அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஒப்பந்தக்காரர், அலுவலகம் இல்லை என்று விளக்கினேன். செல்வி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சட்டையில ஆபீஸ் பேரு போட்டிருக்குதே மேடம். ஆபீஸ்ல எம் பேரு இல்லியா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் அலுவலகத்துப் பதில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பேச்சை மாற்றுவதற்காக, "ஏழுமலை மேல கோவமா?" என்று கேட்டேன்.

"அண்ணன் மேல இன்னா கோவம்? அது வாங்குறது அது ஒழச்ச காசு. ஆனா அது மொகத்தப் பாத்தா எனக்கு அழுவ வந்துடுது மேடம். நான் அழுதா, அது ஏதோ தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும். அதான் அந்தாண்ட போயி சாப்புடுறேன்."

அருள்ராஜ் சாரிடம் இரண்டையும் சொன்னேன். ஒருவர் பெயரை எடுக்கச் சொல்கிறார், ஒருவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழுமலையின் பெயரை எடுக்க முடியாது என்று முதலில் சொன்னார். "எடுத்தா, வாங்கக் கூடாததை வாங்கிட்டாருன்னு ஆயிடும்" என்றார். பிறகு ஒப்பந்தக்காரர் பில்லோடு தரும் வருகைப் பதிவின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். வழக்கம்போல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, "படிங்க" என்றார்.

படித்தேன். கலா. முருகன். செல்வி. ராணி. செல்வி 2.

ஸ்கேல் நின்றது. "ஆங்கோர்."

"செல்வி ரெண்டு சார்."

"அவங்க முழுப் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் போனில் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு செல்வி இருப்பதால் அப்படிப் போட்டோம் என்றார். மாதாமாதம் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் நாங்கள் பில்லை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"போயி கேட்டு எழுதிட்டு வாங்க சரோஜா. எல்லாரையும்" என்றார் சார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஒவ்வொரு தெருவாகப் போனேன். பெயர், ஊர், எத்தனை காலமாக வேலை, எந்தத் தெரு, என்ன வேலை என்று எழுதிக்கொண்டேன். பலர் முதலில் பயந்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தப் போகிறீர்களா என்று கேட்டார்கள். பதிவில் 'செல்வி 2' என்று இருந்தது நம் செல்விதான். அவர் தெருவுக்குப் போனபோது, எதிர்ப் பக்கத்தில் ஏழுமலை சாக்கடை மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

"முழுப் பேரு சொல்லுங்க."

"தமிழ்ச்செல்வி."

எதிர்ப் பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். "தமிழ்ச்செல்வியா?" என்றார். இத்தனை காலம் சேர்ந்து சாப்பிட்டவருக்கு அது புதுச் செய்தி. செல்வி அவர் பக்கம் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒப்பந்தப் பணியாளர்களின் பெயரையும், அவர்களுக்காக அலுவலகம் தரும் தொகையையும், அவர்கள் கைக்குப் போகும் சம்பளத்தையும் இணையதளத்தில் சேர்க்க வேண்டும் என்று அருள்ராஜ் சார் சொல்லச் சொல்ல நான் குறிப்பு எழுதினேன். நிரந்தரப் பணியாளர்களின் பதவிக்குப் பக்கத்திலும் அவர்கள் செய்யும் வேலையைப் போட வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொன்னார். கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தது. 'அவர்கள் நம் ஊழியர் அல்லர். தேவையில்லை.' சாருக்குக் கோபம் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு, வேலை வாங்கும் அலுவலகத்துக்கும் உண்டு என்ற சட்ட விதியைச் சேர்த்து, அதே கோப்பை மறுபடி அனுப்பினார். மறுபடியும் வந்தது. மறுபடியும் அனுப்பினார். பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு முறையும் என்னைப் படிக்கவைத்துவிட்டுத்தான் அனுப்புவார்.

கடைசியில் மேலதிகாரி ஒரு கூட்டம் கூட்டினார். இளம் வயதுக்காரர், நல்லவர்தான். ஆனால் எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டவர். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்தார். தொழிலாளர் தரப்பில், பணியாளர்களில் மூத்தவர் என்று ஏழுமலையை அழைத்திருந்தார்கள்.

மாடிப்படியில் ஏழுமலைக்கு முன்னால் நான் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் நிரந்தரப் பணியாளர் ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்துவது தெரிந்தது.

"அண்ணே, யோசிச்சுப் பேசு. அவங்களும் நம்ம வேலையத்தான் செய்றாங்கன்னு நீ சொன்னா, அப்ப நிரந்தர ஆளு எதுக்குன்னு கேப்பாங்க. நீ ரிட்டயர் ஆயிடுவ. எங்க பொழப்பு?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எனக்கே அந்தப் பயம் இருந்தது. ஏழுமலை கையை விடுவித்துக்கொண்டு மேலே ஏறினார்.

கூட்டத்தில் மேற்பார்வையாளர் முதலில் பேசினார். "அவங்க எல்லாம் கூடமாட ஒத்தாசைக்குத்தான் சார். முக்கியமான வேலையெல்லாம் நிரந்தர ஆளுங்கதான் பாக்குறாங்க. அவங்க பேரெல்லாம் போட்டா நாளைக்கு நிரந்தரம் பண்ணுன்னு கொடி புடிப்பாங்க."

அதிகாரி ஏழுமலையைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அப்படியா?"

ஏழுமலை எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லுங்கள் என்றார் அதிகாரி. அவர் நின்றுகொண்டே பேசினார்.

"சார், என்னோட ஒரு பொண்ணு வேல செய்யுது. தமிழ்ச்செல்வின்னு பேரு. எனக்கு முட்டி தேஞ்சு போச்சு, குனிய முடியல. நாலு வருஷமா என் பக்கத்து சாக்கடையையும் பாதி அதுதான் எடுக்குது. மழ வந்தா நான் கடையோரமா ஒதுங்குவேன். வண்டி நனைஞ்சா குப்ப கனக்கும்னு அது தள்ளினு ஓடும். எனக்கு இது பெருசாவே தெரியல சார். அது பாட்டுக்கு செஞ்சுது, நான் பாட்டுக்கு உட்டுட்டேன். அந்தத் தெரு சுத்தமா இருக்குதுன்னா, அதுல என்னவுட அதோட கை அதிகம்."

"நிரந்தர ஆட்கள் தேவையில்லைன்னு சொல்றீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். அதுவும் தேவைன்னு சொல்றேன். நான் வாங்குறது இந்த வேலைக்கு ஜாஸ்தி இல்ல சார். அது வாங்குறதுதான் கொறைச்சல்."

அதிகாரி தன் அடுத்த கூட்டத்தை மறந்துவிட்டார். அருள்ராஜ் சார் என் கையிலிருந்த பட்டியலைக் காட்டி, "இவங்க படிக்கட்டும் சார், ஒருதடவை கேளுங்க" என்றார். நான் படித்தேன். பெயர், தெரு, வேலை. கடைசிப் பெயர் வரை படித்தேன். அதிகாரி கோப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

செல்விக்கு அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. மாடிப்படியில் கையைப் பிடித்தவர்தான் போய்ச் சொன்னாராம். மறுநாள் காலை செல்வி தன் டப்பாவோடு பழைய படிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஏழுமலை என்னிடம் சொன்னார்: "ஒண்ணும் பேசலம்மா. கொழம்ப ஊத்திட்டு, முட்டிக்கு இன்னா மருந்து போடுறன்னு கேட்டுது."

ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர்கள் இணையதளத்தில் ஏறின. செல்வியும் மகளும் என் மேசைக்கு வந்து பார்த்தார்கள். மகள் தன் அம்மாவின் வரியைச் சத்தமாகப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்த செல்வி, "இத யாரு வேணா பாக்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். "அப்ப மேஸ்திரியும் பாப்பாரு" என்றார். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரைத்தான் அவர்கள் மேஸ்திரி என்பார்கள்; அவரும் பார்த்தார். பிறகு சம்பளச் சீட்டு தர ஆரம்பித்தார்கள். பி.எஃப். எண் கிடைத்தது. வார விடுமுறை வந்தது. சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது, ஏழுமலை வாங்கியதன் அருகில்கூட வரவில்லை. அதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு தொகைகளும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருந்தன. பார்ப்பவர்கள் ஏன் இப்படி என்று கேட்க முடிந்தது. சிலர் கேட்டார்கள். மனுவாகவும் போட்டார்கள்.

கவிதா, பக்கம் நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். மொத்தத் தொகையை மட்டும் போட்டால் யாரும் வந்து உன்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அது உனக்குச் சௌகரியமாக இருக்கும், செல்விக்கு இருக்காது. எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான்.

ஏழுமலை அதற்கு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். மாலை நேரத்தில் அலுவலகக் கூடத்தில் சின்ன விழா. ரோஜா மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், பேசினார்கள். ஓய்வு பெறுபவரை அலுவலக ஜீப்பில் வீட்டில் கொண்டுவிடுவது எங்கள் வழக்கம். அருள்ராஜ் சாரும் நானும் கூடப் போனோம். வண்டி கிளம்பியதும், "முசே, அந்தத் தெரு வழியா போலாமா?" என்று ஏழுமலை கேட்டார்.

செல்விக்கு அன்று மாலை வேலை. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு விழாவுக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. தெருவைக் கோடி வரை பெருக்கி முடித்து, வண்டியை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் நிமிர்ந்தார். ஏழுமலை மாலையோடு இறங்கினார். முட்டி ஒத்துழைக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கியதில் மாலை உரசி, ரோஜா இதழ்கள் தெருவெல்லாம் கொட்டின.

"ஐயய்யோ, இப்பதான் பெருக்கினியா?" என்று ஏழுமலை குனியப் பார்த்தார்.

"குனியாதண்ணே. நிமிந்து நில்லு, நான் பாக்குறேன்" என்றார் செல்வி.

அவரைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். சால்வையின் சரிகையைத் தொட்டுப் பார்த்தார். மாலை ஒரு பக்கம் இறங்கியிருந்ததைச் சரி செய்தார். அப்போதுதான் அழுதார். ஏழுமலையும் அழுதார். வாசலில் நின்ற ஒன்றிரண்டு பேர், அந்த என்ஜினீயரின் அம்மா உட்பட, வெளியே வந்து பார்த்தார்கள்.

ஏழுமலை மாலையைக் கழற்றி ஜீப் இருக்கையில் வைத்துவிட்டு, விளக்குமாற்றை வாங்கக் கையை நீட்டினார். செல்வி தரவில்லை.

"போண்ணே. அண்ணி வாசல்ல ஆரத்தித் தட்ட வெச்சினு நிக்கும்."

அவர் வண்டியில் ஏறினார். செல்வி இதழ்களைப் பெருக்க ஆரம்பித்தார். மெதுவாகப் போங்கள் என்று அருள்ராஜ் சார் டிரைவரிடம் சொன்னார்.